நுரையீரலை அரிக்கும் ரசாயன வேலை: டெஸ்ட் ரிப்போர்ட் தொழிலாளி கையில் இருக்கிறதா?

காஞ்சீபுரம்:

காஞ்சீபுரத்தை அடுத்த தாமல் கிராமம் பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். மேற்கே போனால் ராணிப்பேட்டை சிப்காட். தறியையும் வயலையும் விட்டு கம்பெனி வேலைக்கு போனவர்கள் இந்த பகுதியில் ஏராளம்.

பெயிண்ட், ஆசிட், சாயம், குரோமியம் என்று ரசாயனத்தோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு சம்பளத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வருகிறது. அதுதான் நுரையீரல் நோய்.

சத்தமில்லாத சாவு

2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் பலியானார்கள். நாடே அதிர்ந்தது. ஆனால் 20 வருடம் கழித்து மூச்சு முட்டி படுக்கையில் சாகும் தொழிலாளி எந்த கணக்கிலும் வருவதில்லை.

அதே ராணிப்பேட்டையில் தோல் பதனிட தேவையான குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை விட்டுச்சென்ற கழிவு 1½ லட்சம் டன்னுக்கு மேல் மலைபோல் குவிந்தது. உலகிலேயே மிகவும் மாசுபட்ட இடங்களின் பட்டியலில் 2006-ல் ராணிப்பேட்டையும் சேர்ந்தது.

குரோமிய தூசி முதலில் மூக்கில் புண்ணாக்கும். நாளடைவில் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டையே விழும். பல வருடம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது உலக அளவில் உறுதியான உண்மை. அது தலைகாட்ட 15, 20 வருடம்கூட ஆகலாம். அதற்குள் ஆலை இருக்காது, காண்டிராக்டர் இருக்கமாட்டார். "இங்கே வேலை பார்த்தேன்" என்று காட்ட ஒரு துண்டு காகிதம்கூட இருக்காது.

லீவு நாளில் நல்லா இருக்கா?

கார் தொழிற்சாலைகளில் ஸ்பிரே பெயிண்ட் அடிப்பவர்களுக்கு அதில் கலந்திருக்கும் 'ஐசோசயனேட்' ஆஸ்துமாவை கொண்டுவரும். பட்டு, சாயப்பட்டறைகளிலும் சில வகை சாயப்பொடி மூச்சை அடைக்கும்.

இதை கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வார லீவில் மூச்சு நல்லா இருந்து, வேலைக்கு போனதும் இருமலும் இழுப்பும் வந்தால் வேலை மேல்தான் முதல் சந்தேகம் வரவேண்டும். டாக்டரிடம் போனால் என்ன வேலை, என்ன ரசாயனம், எத்தனை வருடம் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் "பீடியால வந்தது" என்று முடித்துவிடுவார்கள். கல் தூசியால் வரும் 'சிலிகோசிஸ்' நோயை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களும் உண்டு.

பி.பி., சுகர் போதாது

மக்களை தேடி மருத்துவம் திட்டம் 2024 ஜனவரியில் பணியிடங்களுக்கும் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்தால் நுரையீரல் நிலவரம் தெரியாது.

அதற்கு 'ஸ்பைரோமெட்ரி' என்ற ஊதும் டெஸ்ட் வேண்டும். மூச்சை இழுத்து முழு வேகத்தில் ஊதினால், முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று மெஷின் சொல்லிவிடும். வேலையில் சேரும்போது ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை எடுத்து ஒப்பிட்டால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத கட்டத்திலேயே சரிவு பிடிபடும். ஒரே ஒரு டெஸ்டை வைத்து அதை சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டு தொழிற்சாலை சட்டத்துக்கு பதிலாக புதிய தொழிலாளர் சட்டம் 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்தது. இதன்படி 40 வயதை தாண்டியவர்களுக்கு வருடம் ஒருமுறை இலவச மருத்துவ பரிசோதனை. ஆபத்தான ரசாயனத்தில் வேலை பார்ப்பவர்களின் உடல்நல பதிவேட்டை ஆலை வைத்திருக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்டவும் வேண்டும்.

ஓட்டை எங்கே என்றால், மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 20 பேர், மின்சாரம் இல்லாத இடத்தில் 40 பேர் இருந்தால்தான் 'தொழிற்சாலை'. நாலு பேர் வேலை பார்க்கும் சாயப்பட்டறையை யார் கேட்பது? 25 வயதில் ஸ்பிரே துப்பாக்கி பிடிப்பவர் 40 வயது வரை காத்திருக்க முடியுமா?

கொடைக்கானல் பாடம்

பதிவேடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு கொடைக்கானல் பாதரச தெர்மாமீட்டர் ஆலையே சாட்சி. 2001-ல் ஆலை மூடப்பட்டது. பாதரச ஆவியால் உடல் கெட்டது என்றனர் தொழிலாளர்கள். நிர்வாகம் மறுத்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு கிடைக்க 2016 வரை 15 வருடம் ஆனது.

அதனால் இன்று வேலையில் இருப்பவர்கள் செய்யவேண்டியது இதுதான். கம்பெனியில் எடுக்கும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு காப்பி கேட்டு வாங்குங்கள். சம்பள சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டையோடு சேர்த்து பத்திரப்படுத்துங்கள். தொழில் நோய் என்று உறுதியானால் இ.எஸ்.ஐ.யில் ஊன உதவித்தொகை பெற வழி உண்டு. காப்பி கொடுக்க மறுத்தால் தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரியிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.

போன நுரையீரல் திரும்ப வராது. எப்படி போனது என்று காட்ட ஆதாரமாவது வீட்டு பீரோவில் இருக்கட்டும்.