நோட்டீஸுக்கு முந்திய செலவு யார் தலையில்?

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நம் வீடுகளில் இன்சூரன்ஸ் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், வண்டி சீட்டுக்கு அடியில், அரிசி டின்னில், சாமி படத்துக்குப் பின்னால் என்று பதில் வரும். அதைப் படித்தவர் யார் என்று கேட்டால் பதில் வராது. இதில் நம்மைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்திரம் ஆங்கிலத்தில், எழுத்தோ எறும்பு அளவு. போலீஸ்காரர் மறித்தால் நீட்டுவதற்கான சீட்டு என்றே அதை எண்ணிப் பழகிவிட்டோம். அப்படி எண்ணியதற்கு நம் சங்கக் குடும்பம் ஒன்று கொடுத்த விலை ஒரு தாலிக்கொடி.

குடும்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். 1964-ஆம் ஆண்டு சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, கட்சால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பெற்றோரின் பிள்ளை. அவருடைய மகன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். லைசென்ஸ் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், சாலையோரம் நடந்துபோன கூலித் தொழிலாளி ஒருவர் மீது வண்டி மோதி அவர் கால் முறிந்தது.

நம் வழக்கப்படி பெரியவர்கள் கூடினார்கள். போலீசுக்குப் போகாமல் பேசி முடித்தார்கள். “தவறு என் மகனுடையது” என்று எழுதிக் கையெழுத்திட்டு, 20,000 ரூபாயும் கொடுத்தார் தகப்பனார். அடிபட்டவரோ கப்பலேறிப் போய் வைத்தியம் பார்த்தும் கால் சரியாகக் கூடவில்லை. வேலைக்குப் போக முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து போர்ட் பிளேரில் உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார். அவர் கேட்டது நியாயம். அவரும் நம்மவர்தான், அவர் மீது நமக்கு வருத்தம் கிடையாது. வண்டியின் பாலிசி விவரம் தெரியாததால் மனுவில் கம்பெனியைச் சேர்க்கவில்லை. சம்மன் தகப்பனார் பெயருக்கும் மகன் பெயருக்கும் மட்டும் வந்தது.

போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, நமக்கும் அதற்கும் இடையே இருக்கும் 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் குறையவில்லை. கப்பல் கிடைத்த நாளில் புறப்பட்டு, லாட்ஜில் தங்கி, ஒரு வக்கீலைப் பிடித்து, இரண்டு வாய்தாவுக்குப் போய் வந்தார் தகப்பனார். வக்கீல் பீஸ், பயணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து 47,000 ரூபாய் ஆயிற்று. தாலிக்கொடி அடகுக்குப் போனது அப்போதுதான். இரண்டாவது வாய்தாவின்போதே வக்கீலின் குமாஸ்தா கேட்டாராம், “கம்பெனிக்குச் சொல்லிவிட்டீர்களா?” என்று. அதன்பிறகே கடிதம் போயிற்று. கம்பெனி வந்தது, வழக்கைத் தன் வக்கீலிடம் ஒப்படைத்தது. அதுவரை ஆன செலவைக் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் எழுதியது: எங்கள் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் செய்த செலவுக்கு நாங்கள் பொறுப்பல்ல.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பாலிசியை வாங்கிப் படித்தோம். 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்துக் கொடுத்த மாதிரிப் பாலிசியின் வாசகம்தான். விபத்து நடந்ததும் கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சம்மனோ வக்கீல் நோட்டீஸோ வந்தால் கைக்கு வந்தவுடன் அனுப்ப வேண்டும். கம்பெனியின் சம்மதமில்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ, வாக்குக் கொடுக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது. கம்பெனி விரும்பினால் நம் பெயரிலேயே வழக்கை எடுத்து நடத்தலாம். கம்பெனியின் எழுத்துமூலமான சம்மதத்துடன் ஆன வழக்குச் செலவை அது கொடுக்கும். ஆக, நம் தகப்பனார் செய்யக்கூடாதவை அத்தனையையும் வரிசையாகச் செய்திருக்கிறார். ஒவ்வொன்றையும் நல்லெண்ணத்தோடு செய்திருக்கிறார்!

கம்பெனியின் பக்கத்தையும் சொல்லிவிடுவோம். பணம் கொடுக்கப்போவது கம்பெனி. வழக்கைக் கெடுத்த பிறகு அதை அதன் தலையில் கட்டினால் அது எப்படி வாதாடும்? யாரோ ஒரு வக்கீலுக்கு இஷ்டப்பட்ட பீஸைக் கொடுத்துவிட்டு பில்லை நீட்டினால் எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார். மேலும் சட்டமே ஓட்டுநருக்கு இந்தக் கடமையை வைத்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு வைத்திய உதவி செய், போலீசுக்குச் சொல் என்பதோடு, பாலிசி நம்பர், விபத்தின் நாள், நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம் ஆகியவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடு என்றும் சொல்கிறது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனாலும் கேள்வி முடிந்துவிடவில்லை. முதல் வாய்தாவில் அந்த வக்கீல் ஆஜராகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்த்தரப்பு இல்லை என்று ஒருதலைப்பட்சமாக வழக்கு நடந்து உத்தரவாகியிருக்கலாம். கம்பெனி பின்னால் வந்து வாதாட இடம் இருந்ததே, அந்தத் தொழிலாளியின் அடகுப் பணத்தால் கிடைத்த இடம். பலனை வைத்துக்கொள்வேன், செலவைத் தரமாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

தாமதத்தைக் காட்டிக் கையை விரிக்கும் இந்தப் போக்கு வேறு வகை கிளெய்ம்களில் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது. 2011 செப்டம்பரிலேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம், தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமான நியாயமான கிளெய்மைத் தாமதத்தை மட்டும் சொல்லி மறுக்காதே என்று கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. லாரி திருடுபோன ஓம் பிரகாஷ் வழக்கில் 2017-இலும், டிராக்டர் திருடுபோன குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020-இலும் சுப்ரீம் கோர்ட் அதே வழியில்தான் சென்றது. திருட்டைப் போலீசில் உடனே பதிவு செய்துவிட்ட பிறகு, கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதற்காக உண்மையான கிளெய்மைத் தள்ள முடியாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

அடிபட்டவரின் இழப்பீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. வண்டிக்காரர் தாமதமாகச் சொன்னார் என்று அவருக்கு முன்னால் கம்பெனி கதவைச் சாத்த முடியாது; கம்பெனி எந்தெந்தக் காரணம் சொல்லலாம் என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. இடையில் விடுபட்டுப் போனது வண்டிக்காரர் தற்காப்புக்குச் செய்த செலவு ஒன்றுதான். அங்கே திருட்டு வழக்குத் தீர்ப்புகள் நேராக வந்து நிற்பதில்லை. “எழுத்துமூலமான சம்மதம்” என்ற வாசகம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவிலும் இந்தச் சண்டை வெகுகாலமாக உண்டு. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், கம்பெனிக்குச் சொல்வதற்கு முந்திய வக்கீல் செலவு பொதுவாக வண்டிக்காரர் தலையில்தான். வேறு சில மாநிலங்களில், தாமதத்தால் கம்பெனிக்கு என்ன கெடுதல் வந்தது என்று காட்டச் சொல்லி நீதிமன்றங்கள் கேட்கின்றன. அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம்.

இந்த இன்சூரன்ஸை நாம் ஆசைப்பட்டு வாங்கவில்லை. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது அரசு. அதற்கான பிரீமியத் தொகையையும் அரசே அறிவிக்கிறது. வாங்கு என்று கட்டாயப்படுத்தி, விலையையும் குறிக்கிற அரசுக்கு, பத்திரத்தில் இரண்டு வரியைத் திருத்த அதிகாரம் இல்லையா? சம்மன் கிடைத்த நாளிலிருந்து கம்பெனிக்குத் தகவல் போகும் வரை, ஆஜராவதற்கும் வாய்தா வாங்குவதற்கும் ஆன நியாயமான செலவைக் கம்பெனி கொடுக்க வேண்டும். தனக்குக் கெடுதல் நேர்ந்ததாகக் கம்பெனி காட்டினால் மட்டும் மறுக்கலாம். இதுவே நம் கோரிக்கை. பாலிசியின் நிபந்தனைகளைத் தமிழிலும் தீவில் பேசும் மற்ற மொழிகளிலும் அச்சிட்டுக் கொடு என்பது இரண்டாவது. சென்னையில் இருப்பவன் மாலைக்குள் கம்பெனி ஆபீசுக்கு நடந்துபோய்ச் சேர்வான். கடல் கொந்தளித்தால் கப்பலே வராத தீவில் இருப்பவனுக்கும் அவனுக்கும் “உடனே” என்ற ஒரே சொல்லை எழுதிவைப்பது சமத்துவம் அல்ல.

வாசகம் மாறும் வரை நாம் செய்ய வேண்டியது உண்டு. அடிபட்டவரைத் தூக்குவதற்கும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கும் எந்தக் கம்பெனியின் சம்மதமும் வேண்டியதில்லை. அதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆனால் யார் தவறு என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதைப் பெரியவர்கள் இனி நிறுத்த வேண்டும். அவர்கள் மனம் நோகலாம். சொல்லாமல் இருக்க முடியவில்லை. போலீசில் பதிவு செய்யுங்கள். 2022-இல் வந்த விதிகளின்படி, விசாரிக்கும் போலீஸ் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் முதல் அறிக்கையின் நகல் கம்பெனிக்கும் போக வேண்டும். அது போனாலும் போகாவிட்டாலும் நீங்களும் அன்றே எழுதுங்கள். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சம்மன் வந்தால் அதன் நகலோடு இன்னொரு கடிதம்; அதிலேயே “வாய்தா இந்தத் தேதியில் இருக்கிறது, ஆஜராக வக்கீல் வைக்கச் சம்மதம் தாருங்கள்” என்று கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் தாலிக்கொடியைத் தொடுவதற்கு முன் இலவசச் சட்ட உதவியைக் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, வழக்குப் போடுபவருக்கு மட்டுமல்ல, வழக்கை எதிர்கொள்பவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. பெண்கள், ஆலைத் தொழிலாளர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமான வரம்புக்குக் கீழே உள்ளோர் எல்லாரும் அதில் அடக்கம். நம் தகப்பனாருக்கு இதை அன்று சொல்ல ஆளில்லை. சங்கம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தக் குறை நம்முடையது.

அவருடைய விஷயம் இன்னும் முடியவில்லை. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியாயிற்று. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வரும் பதில் சரியில்லாவிட்டாலோ, கல்கத்தாவில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் முறையீடு போகும்; அந்தமான் நிகோபார் அவருடைய எல்லைக்குள்தான் வருகிறது. அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். 20,000 ரூபாயைக் கேட்கப்போவதில்லை. அதைத் தகப்பனாரே வேண்டாம் என்றுவிட்டார். 47,000 ரூபாயில் வக்கீல் ஆஜரான செலவைத் தனியே பிரித்து, ரசீதுகளோடு கேட்கிறோம். கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரிப் படிகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. வண்டி வைத்திருப்பவர்கள் பாலிசியின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து அலுவலகக் கோப்பில் சேர்த்துவிட்டுப் போகலாம். 2004 டிசம்பர் 26-இல் பெட்டியோடு கடலுக்குக் கொடுத்த காகிதங்களை நாம் மறந்துவிடவில்லை.