பூட்டிக் கிடக்கும் அறைகள்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோயாளியின் வாசலுக்கே போனது. வடசென்னை மூலக்கொத்தளத்தில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அந்த முறை பொருந்தும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, கிடங்கிலும் கட்டட வேலையிலும் கூலிக்கு நிற்பவர்களுக்குப் பொருந்தாது. களப்பணியாளர் கதவைத் தட்டும் பகல்வேளையில் அவர்களுடைய அறை பூட்டிக் கிடக்கும். ஸ்டான்லி மருத்துவமனை நடந்துபோகும் தூரம்தான். ஆனால் காலை ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் வடசென்னையில் புலம்பெயர் தொழிலாளருக்கான காசநோய்ப் பரிசோதனை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், எக்ஸ்-ரே கருவியோடு, வருடாவருடம் நடந்தாக வேண்டும். ஒருநாள் முகாம் போட்டு, வந்தவர்களின் தலையை எண்ணிக் கணக்குக் காட்டுவதில் பயனில்லை.

2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களிலேயே ஏறத்தாழ 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போயிருக்கவில்லை. எக்ஸ்-ரே எடுத்திராவிட்டால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். ‘இருமல் இருக்கிறதா?’ என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும் முகாம் எவ்வளவு தவறவிடும் என்பதற்கு இதுவே சான்று. வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் அறிகுறி பாராமல் வயதுவந்தோர் எல்லோரிடமும் ஆண்டுக்கொருமுறை மூன்றாண்டுகள் சளிப் பரிசோதனை செய்தார்கள். அப்படிச் செய்யாத பகுதிகளைவிட அங்கே நோய்ப்பரவல் 44 சதவீதம் குறைவாக இருந்தது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் நம் பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போவது இன்னும் அவசியம். மொழியும் முக்கியம். சளிக் குப்பியைக் கையில் கொடுத்து ‘துப்புங்க’ என்று சைகை காட்டினால் எச்சில்தான் வரும். மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுக்க வேண்டும் என்பதை இந்தியிலோ ஒடியாவிலோ சொல்ல ஓர் ஆள் வேண்டும். இல்லையென்றால் ஆய்வகம் எச்சிலைச் சோதித்து ‘நோயில்லை’ என்று எழுதும்.

‘இன்று இருப்பார், நாளை ஊருக்குப் போய்விடுவார்; கண்டுபிடித்து என்ன பயன்?’ என்று நம் சுகாதாரத் துறையிலேயே கேட்கிறார்கள். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வில், நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சிகிச்சையை நோயாளி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று உலகுக்குக் காட்டிய ஊர் இது. இன்றைய நோயாளிக்கு இருக்கும் இடமே மாறுகிறது, அவ்வளவுதான். நிக்‌ஷய் என்னும் காசநோய்ப் பதிவுத் தளத்தில் நோயாளிக்குத் தரும் எண் மாநிலம் தாண்டியும் செல்லும். ரயிலேறும் முன் கையில் மருந்து கொடுத்து, ஊரிலுள்ள மையத்தைத் தொலைபேசியில் அழைத்து ஒப்படைப்பது நம் கடமை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வடமாநிலத்தவரை மட்டும் சோதித்தால் ‘நோயைக் கொண்டுவருகிறவர்கள்’ என்ற பழி அவர்கள் மேல் விழும். நியாயமான அச்சம். ஆகவே தெருவிலுள்ள எல்லோரையும், உள்ளூர்க்காரர் வெளியூர்க்காரர் பாராமல், ஒரே வரிசையில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். காற்றோட்டமில்லாத அறையும் அரைவயிற்றுச் சாப்பாடும் யாரைத்தான் விட்டுவைக்கும்? பரிசோதனை முடிவு மேஸ்திரியின் காதுக்குப் போகக் கூடாது. போனால் அடுத்த முறை ஒருவரும் வரமாட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து காசநோயாளியின் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. முதல் வாரங்களில் வேலைக்குப் போக முடியாதவருக்கு அது சில நாள் கூலிக்குக்கூடக் காணாது. அந்த வாரங்களின் கூலியை ஈடுகட்டத் தொழிலாளர் நலத்துறையும் நம் துறையும் சேர்ந்து வழி செய்த பிறகே எக்ஸ்-ரே வண்டி மூலக்கொத்தளத்துக்குப் புறப்பட வேண்டும்.