தாத்தாவுக்குப் பிடித்த புகை

போன தீபாவளிக்கு முதல் நாள், செர்டாங்கில் எங்கள் வீட்டுப் படையல் இலையிலிருந்து அப்பா ஒரு துண்டு கறியை எடுத்துத் தனியாக வைத்தார். திட்டவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. எடுத்தார், மோந்து பார்த்தார், ஓரமாக வைத்துவிட்டார். மற்றதெல்லாம் தாத்தாவுக்குப் போனது. முறுக்கு, இட்லி, கோழிக் குழம்பு, அவர் பேரைச் சொல்லி ஊற்றிய ஒரு கிளாஸ் ஸ்டவுட். அந்தக் கறி மட்டும் போகவில்லை.

அதைச் சுட்டவன் என் தம்பி. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, போனஸ் வந்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மனிதன் பெல்லட் அடுப்பு வாங்குவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மரத்தூளை அழுத்திப் பென்சில் கனத்துக்குச் சின்னச் சின்னக் குச்சிகளாக்கினால் அது பெல்லட். பசை சேர்ப்பதில்லை. அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, தானே ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் ஒரு பெட்டி நிறைய அதைக் கொட்டிவிட்டால் ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும், விசிறி காற்று ஊதும், நாம் வைத்த சூட்டிலேயே கறி மணிக்கணக்கில் வேகும். 1980களில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் உருவாக்கிய சாமான். விறகைத் தள்ளித் தள்ளி, கண் எரிய உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. தம்பிக்குப் பிடித்ததும் அதுதான்.

தாத்தாவுக்குப் பிடித்தது வாட்டுக்கறி. தோட்டத்தில் லயத்து வீட்டு அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கும். உப்பும் மஞ்சளும் மிளகும் தடவி ஒரு பகல் ஓர் இரவு புகையில் விட்டு, பிறகு தணலில் வாட்டுவார்கள். அவர் காலத்தில் அது பெரும்பாலும் நாய்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்த காட்டுப் பன்றி. இப்போது எங்கள் வீட்டில் ஆட்டுத் தொடை. தம்பி அதைச் செய்து தாத்தாவுக்குப் படைக்கிறேன் என்று கிளம்பினான்.

முதல் நாள் இரவு பெல்லட் தீர்ந்துவிட்டது. கடைகளெல்லாம் தீபாவளி நெரிசல். பட்டணத்தில் நாய், பூனைச் சாமான் விற்கும் கடை திறந்திருந்தது. அங்கே மூட்டை மூட்டையாக அதே மாதிரிக் குச்சிகள், பாதி விலைகூட இல்லை. பூனை கழிப்பதற்காகப் போடும் பைன் மரக் குச்சி. "மரந்தானேக்கா" என்றான் பிற்பாடு.

மரம்தான். ஆனால் எங்கள் வீட்டுக் கறி, தரையை மருந்து போட்டுத் துடைத்த ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணந்தது.

அந்த விஷயம் என்னை விடவில்லை. ஜனவரியில் ஒரு காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டுவிட்டேன்: "உங்கள் வீட்டில் கறி வாட்ட எந்த விறகு?" பாட்டு போட நேரமில்லாத அளவுக்கு அழைப்பு. சுங்கை சிப்புட்டிலிருந்து ஒருவர் கொய்யா என்றார். ஓர் அம்மா ரம்புத்தான் கிளை, கோழிக்கு அதுதான் என்று அடித்துச் சொன்னார். சிரம்பான்காரர் தேங்காய் மட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கவும் மாட்டார், நெகிரி செம்பிலான் மக்கள் 'சாலாய்' இறைச்சியைத் தேங்காய் மட்டையும் விறகும் போட்டுப் புகையேற்றி, சிலி பாடி அரைத்த தேங்காய்ப்பாலில் சமைக்கிறவர்கள். ஒரு பெரியவர் மட்டும் எச்சரித்தார்: "ரெங்காஸ் மரத்த மட்டும் தொட்டுறாதம்மா." அதன் பால் பட்டால் தோல் வெந்து போகும், எரித்தால் புகையும் ஆகாது. காட்டோரம் விழுந்து கிடக்கிற பேர் தெரியாத மரத்தைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். சுருக்கமாகச் சொன்னால், புகையின் வாசனையில் பெரும்பங்கு லிக்னினில் இருந்து வருகிறது. அது சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால் என்று இரண்டு வகைப் பொருள்கள் பிறக்கின்றன. 'புகை போட்ட' ருசி முன்னதில், மூக்குக்கு வரும் இனிய வாசனை பெரும்பாலும் பின்னதில். ஓக், ரம்புத்தான், ரப்பர் மாதிரி அகன்ற இலை மரங்களில் இரண்டும் உண்டு. பைன் போன்ற ஊசியிலை மரத்தில் சிரிங்கால் கிட்டத்தட்ட இல்லை. போதாக்குறைக்குப் பிசின் வேறு. பிசின் எரிந்தால் கரி படியும், கசக்கும். அப்பா மோந்து பார்த்தது சரியாகத்தான் இருந்தது.

அடுத்தது, மூட்டையில் எழுதியிருக்கும் பெயர்கள். ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி, மெஸ்கீட். இந்த மெஸ்கீட் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. எங்கள் தாத்தாவின் அப்பா கப்பலேறியது ராமநாதபுரம் பக்கமிருந்து. அந்த மண்ணை இன்று மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலம், மெஸ்கீட்டின் உடன்பிறப்பு. நிலத்தடி நீரைக் குடிக்கிறது, அதை வெட்டி எறி என்று 2017இல் நீதிமன்றம் வரைக்கும் போன மரம். ராமநாதபுரம், சிவகங்கையில் இன்றும் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. அதன் அமெரிக்கச் சொந்தக்காரன் ஒன்பது கிலோ மூட்டையாக வந்து நம்மிடம் நூறு வெள்ளிக்கு மேல் கேட்கிறான். வாங்குகிறவர்கள் வாங்குங்கள், ஆனால் அது முரட்டுப் புகை. சீக்கிரம் வாட்டி எடுக்கிற கறிக்குச் சரி, ஆறு மணி நேரம் விட்டால் கசந்துவிடும்.

இன்னொன்று, மூட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் பெரிய எழுத்தில் ஹிக்கரி, பின்னால் பொடி எழுத்தில் ஓக்கோ ஆல்டரோ பெரும்பங்கு, ஹிக்கரி கொஞ்சம். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், எரிய நல்ல மரம் வேண்டும்தான். ஆனால் ஆப்பிளா செர்ரியா என்று சண்டை போடுகிற அளவுக்கு வித்தியாசம் நாக்கில் தெரியாது. விசிறி ஊதி முழுசாக எரிக்கிற அடுப்பில் புகையே குறைவு. அதிலும் சூட்டை ஏற்ற ஏற்ற இன்னும் குறையும்.

பிப்ரவரியில் தம்பியைக் கூட்டிக்கொண்டு கோலா செப்பெட்டாங் போனேன். செர்டாங்கிலிருந்து பாரிட் புந்தார், பாகான் செராய் வழியாகத் தைப்பிங் பக்கம், காடியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பழைய பேர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து ஓடி வந்து நின்ற ஊர். இன்றைக்கு அங்கே கரிச்சூளைதான் பேச்சு. மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர். நூறு வருஷத்துக்கும் மேலாக, வெட்டி நட்டு முப்பது வருஷம் கழித்து மறுபடி வெட்டும் முறையில் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த பாக்காவ் மரத்தைத் தோலுரித்து, கவிழ்த்து வைத்த பெரிய பானை போன்ற செங்கல் சூளைக்குள் நிற்க வைக்கிறார்கள். தீ வாசலில் மட்டும் எரியும். உள்ளே மரம் எரிவதில்லை, வேகிறது. கிட்டத்தட்ட ஒரு மாசம். எப்போது வெந்தது என்று எப்படித் தெரியும்? சூளைக்காரர் புகையை மோந்து பார்க்கிறார். அப்பா ஞாபகம் வந்தது.

சூளை மேலிருந்து வரும் புகை குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழுவதைப் பிடித்துப் போத்தலில் விற்கிறார்கள். மரக்காடி. புளிப்பும் புகையுமாக அப்படி ஒரு நெடி, கொசு விரட்டத் தெளிப்பார்களாம். தம்பி போத்தலைத் திறந்து பார்த்துவிட்டு, "வாட்டுக்கறி வாசனை இதுலதான் இருக்கு" என்றான். சரியாகச் சொன்னான். மரத்தின் வாசனையெல்லாம் சூளையிலேயே வெளியே போய்விடுகிறது. நம் கைக்கு வருகிற கரியில் சூடு இருக்கிறது, வாசனை அநேகமாக இல்லை. அப்படியானால் பாக்காவ் கரியில் வாட்டிய சாத்தேக்கு அந்த மணம் எங்கிருந்து? இறைச்சியின் கொழுப்பும் மசாலாவும் தணலில் சொட்டிப் பொசுங்கி எழுகிற புகை. அளவாக இருந்தால் மணம். தீ எழும்பிக் கறியைக் கறுக்கவிட்டால் உடம்புக்கு ஆகாத பொருள்களும் அதோடு ஏறும், கறுத்த ஓரத்தை வெட்டிப் போடுங்கள்.

ஆக, தாத்தா கறிக்குக் கரி மட்டும் போதாது, விறகுப் புகை வேண்டும். எந்த விறகு? பாட்டியைக் கேட்டோம். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தோட்டத்துல வேற என்னத்த எரிச்சோம்? பால்மரந்தான்." ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கொட்டகையிலும் அதே மரம், லயத்து அடுப்பிலும் அதே மரம். 1970கள் வரைக்கும் பால் வற்றி வெட்டிய மரம் வெறும் விறகு. அதற்குப் பிறகுதான் மேசை நாற்காலிக்கு உதவும் என்று கண்டுபிடித்து விலை வைத்தார்கள். தாத்தா இருந்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை.

தம்பி உடனே, தெரிந்த ஒரு தளவாடத் தொழிற்சாலையில் ரப்பர் பலகைத் துண்டு சும்மா தருகிறார்கள், ஒரு மூட்டை கொண்டுவருகிறேன் என்றான். இதைத்தான் இந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லாரும் கவனிக்க வேண்டும். ரப்பர் மரத்தைப் பூச்சி சீக்கிரம் துளைக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். அதனால் அறுத்த கையோடு போரான் மருந்தை அழுத்தி உள்ளே ஏற்றுவார்கள். அதற்கு மேல் பசை, வார்னிஷ். நாற்காலிக்கு நல்லது, கறிக்கு இல்லை. சாமான் ஏற்றும் பழைய பலகைத் தட்டும் அப்படியே. ஆலைக் கொதிகலனுக்கென்று செய்யும் மலிவான பெல்லட்டும் வேண்டாம், அதில் எந்த மரத்தூள் கலந்தது என்று மூட்டையில் இருக்காது.

கடைசியில் அப்பாவே வாயைத் திறந்தார். மஹாங் பக்கம் அவருடைய பழைய கூட்டாளி ஒருவருக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது, மறுநடவுக்கு வெட்டுகிறார். மார்ச் மாசம் ஒரு வேன் நிறையக் கிளை வந்தது. பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர். அப்படியே எரித்தால் தண்ணீர் கொதிப்பதிலேயே சூடு போய், வெள்ளையாக மொத்தப் புகை வரும், அதுதான் கசப்பு. அப்பா ஒன்றிரண்டை உடனே பொளந்து, காற்றோட்டமாகக் கூரைக்கடியில் அடுக்கினார். பொளக்காமல் போட்ட கட்டைகளில் ஒரே வாரத்தில் கரும்பச்சையாகப் பூஞ்சணம். அதையெல்லாம் கழித்துக் கட்டினோம்.

போன வாரம் ஒத்திகை. பெல்லட் அடுப்பை வீணாக்க வேண்டாம் என்று தம்பி ஒரு வழி பண்ணினான். சூட்டுக்கு ஓக் பெல்லட், 110 பாகை. ஓரத்தில் ஓட்டை போட்ட இரும்புப் பெட்டியில் காய்ந்த ரப்பர் விறகுச் சில்லு. கறியைக் குளிர்ச்சியாகவே உள்ளே வைத்தோம், ஈரமும் குளிர்ச்சியும் இருக்கிற முதல் இரண்டு மணி நேரத்தில்தான் புகை நன்றாகப் பிடிக்கும். புகை மெல்லிசாக, நீலமாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி வந்தது. கூடவே ஒரு கோழி, அதற்கு மட்டும் நடுவில் கம்பி குத்தி 74 பாகை ஆனதைப் பார்த்த பிறகே எடுத்தோம்.

பாட்டிக்கு முதல் துண்டு. மென்றுகொண்டே, "ஐஸ்பெட்டி இல்லாத காலம், கெட்டுப் போகக் கூடாதுன்னு தொங்கவிட்டோம். இதுக்குப் போயி இவ்ளோ பாடா?" என்றார். ஆனால் இரண்டாவது துண்டுக்குக் கை நீண்டது.

அப்பா துண்டை எடுத்தார். மோந்து பார்த்தார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான், முப்பது வயதுக்காரன். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடியே லீவு போட்டு வந்துரு. விறகு பொளக்க ஆள் வேணும்."