ஆவாரம்பூவும் சர்க்கரை மாத்திரையும்



"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று வாரம் ஒருமுறையாவது யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள், கூடவே ஒரு பொடி விளம்பரமும். அதை நம்பி என் மைத்துனர் மூன்று மாதம் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். காலில் வந்த புண் ஆறவில்லை. ஒரு விரலை எடுக்கும்படி ஆயிற்று. (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.)

ஆவாரைமேல் எனக்குக் கோபமில்லை. போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்ட ஏரிக்கரைக்கு ஓடிப் பறித்து வந்தவன்தான் நானும். பட்டையைத் தோல் பதனிடக் கொண்டுபோவார்கள். தழையை வயலில் போட்டு மிதிப்போம். ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, தண்ணீரும் கேட்காது. அப்படிப்பட்ட செடியை இன்று சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வேலியோரம் நீங்களே வளர்க்கலாமே! விதைத்தோல் கெட்டி, வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மழை கண்டதும் ஊன்றுங்கள். பூவைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கூட்டு வையுங்கள். ஆனால் டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பூ குடிப்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

விதை வேண்டுவோர் கீழே எழுதுங்கள். காய் முற்றியதும் எடுத்து வைக்கிறேன்.