மூன்று வாரத்தில் ஓட்டக்காரர் விளைவாரா?



மாவட்டத் திடல்தடப் போட்டிக்கான சுற்றறிக்கை பள்ளிக்கு வந்து சேர்கிறது. இன்னும் மூன்று வாரமே உள்ளது. உடனே சபைகூடலில், "யார் வேகமாக ஓடுவீர்கள்?" என்று கேட்கிறோம். கைதூக்கிய பத்துப் பேரை அன்று மாலையே திடலில் முழு வேகத்தில் ஓட விடுகிறோம். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. போட்டிக்கு முதல்நாள்கூட "கடைசியாக ஒருமுறை" என்று சொல்லி ஆறு சுற்று! பிறகு பேருந்தில் ஏற்றிச் செல்கிறோம். பிள்ளை ஐந்தாவதாக வந்து நிற்கிறாள். "நம் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான்" என்று பெருமூச்சு விட்டுத் திரும்புகிறோம்.

அவ்வளவுதானா? இல்லை ஐயா, இல்லவே இல்லை. பிள்ளை களைத்துப் போயிருந்தாள். அவளைக் களைக்க வைத்தவர்கள் நாம்.

கேரித் தீவில் செம்பனைக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமா? பூ மகரந்தம் ஏற்ற நாளிலிருந்து குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகிறது. வெட்டுக்கு மூன்று வாரத்திற்கு முன் மூட்டை மூட்டையாக உரத்தைக் கொட்டி, "ஏன் குலை சிறுத்துவிட்டது?" என்று மரத்தைத் திட்டுகிறவரைத் தோட்டத்தில் எவரேனும் மதிப்பார்களா? மரத்திற்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளையின் உடலுக்குக் காட்ட ஏன் தயங்குகிறோம்?

உடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சுமை கொடுத்தால் உடல் முதலில் தளரும். ஓய்வு கிடைத்தால் முன்னைவிடச் சற்று வலுவாகத் தேறி எழும். ஓய்வின்றிச் சுமையை ஏற்றிக்கொண்டே போனால் ஒடிந்துவிடும். உடல் நெருக்கடியை முதலில் எதிர்த்து நின்று, பின்னர் அது நீடித்தால் சோர்ந்து விழுகிறது என்பதை ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் 1936இலேயே எழுதினார். 1960களில் சோவியத் நாட்டு விளையாட்டு அறிஞர் லெவ் மத்வேயெவ், ஓட்டக்காரரின் ஆண்டையே ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இளைப்பாறும் காலம் என்று பகுத்துக் காட்டினார். பெரிய சுழற்சி ஓராண்டு. அதற்குள் மாதக் கணக்கிலான சுழற்சிகள். அவற்றுக்குள் வாரச் சுழற்சிகள். போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் வகுப்பதே இதன் உயிர்நாடி.

நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்டும் தம் உடலையே சோதனைக்களமாக்கி இதே உண்மையைக் கண்டார். முதலில் பல மாதம் நிதானமான நீண்ட ஓட்டம், பிறகு மேட்டு ஓட்டம், அதன் பிறகே வேகம், இறுதியில் தணிவு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் சினெல் 800 மீட்டரிலும் மரி ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர்.

அந்த இறுதித் தணிவைத்தான் நாம் அறவே மறந்துவிடுகிறோம். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, போட்டிக்கு முந்திய ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பயிற்சியின் அளவை 41 முதல் 60 விழுக்காடு வரை குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்திருப்பதே மிகுந்த பலன் தருவதாகக் கண்டது. நாமோ கடைசி இரண்டு வாரத்தில்தான் பயிற்சியையே தொடங்குகிறோம்!

இதை எழுதும் தகுதி எனக்குத் தவறு செய்தே வந்தது. பணியில் சேர்ந்த புதிதில், பதினொரு வயது மாணவி ஒருத்தி இல்ல விளையாட்டுப் போட்டியில் 100, 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் வென்றாள். அதோடு விட்டிருக்கலாம். மாவட்டப் போட்டி வரை நாள்தோறும் அவளை ஓடவிட்டேன். முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். "ஓடினால் சரியாகிவிடும்" என்றேன். வளரும் வயதில் கால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியைத் தசைநாண் இழுத்து இழுத்து வீக்கம் கண்டிருப்பதாகவும், ஓய்வே மருந்து என்றும் மருத்துவர் சொன்னார். வீக்கம் வடிந்தது. அவள் மட்டும் திடலுக்குத் திரும்பவில்லை. ஆசிரியர் பயிற்சியில் உடற்கல்விப் பாடத்தில் நல்ல புள்ளிகள் வாங்கியவன் நான் என்பதையும் வெட்கத்துடன் சொல்லிவிடுகிறேன்.

"சுற்றறிக்கையே தாமதமாக வந்தால் நாங்கள் என்ன செய்வது?" என்று சக ஆசிரியர்கள் கேட்பது புரிகிறது. 2022 முதல் சில ஆண்டுகள் பள்ளித் தவணை மார்ச்சுக்குத் தள்ளிப்போனதில் எல்லாமே குழம்பியதும் உண்மை. 2015இல் புகைமூட்டத்திற்காகப் பள்ளிகள் மூடப்பட்டன; 2023 மே மாதத்தில் கடும் வெயிலால் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆயினும், திட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு வாரம் போனால் ஒரு வாரந்தான் போகும். திட்டமே இல்லாதவருக்கு எல்லாம் போய்விடும்.

பெற்றோர் தரப்பில் வேறொரு தடை உண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் பிரத்தியேக வகுப்பின் பிடி தளரவில்லை. "ஓடினால் படிப்பு கெடும்" என்கிறார்கள். டாக்டர் மணி ஜெகதீசனை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். சிங்கப்பூரில் மருத்துவம் பயின்ற காலத்தில், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் அவர் ஓடிய தேசியச் சாதனை, 2017 வரை 49 ஆண்டுகள் நிலைத்தது. படிப்பு கெட்டதா?

இன்னொரு சாராரையும் கண்டிக்காமல் விட முடியாது. பெரியவர்களுக்கான பயிற்சி அட்டவணையை இணையத்தில் எடுத்து, பத்து வயதுப் பிள்ளையை ஆண்டு முழுதும் ஒரே ஓட்டத்தில் பிழிகிறவர்கள் இவர்கள். அமெரிக்க மருத்துவர் நீரு ஜெயந்தி குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் தம் வயதின் எண்ணிக்கையைவிட அதிக மணிநேரம் பயிற்சி செய்த பிள்ளைகளே கடும் காயங்களுக்கு மிகுதியாக ஆளானார்கள். பத்து வயதென்றால் பத்து மணிநேரமே எல்லை. அதுவும் உச்சவரம்பு, இலக்கு அன்று!

நான் கேட்பது மிக எளியது. மாவட்டப் போட்டிக்கு இருபது வாரம் முன்பு தொடங்குங்கள். முதல் எட்டு வாரம் விளையாட்டாகவே இருக்கட்டும்: ஓடிப்பிடித்தல், தாண்டுதல், நிதான ஓட்டம், வாரம் மூன்று மாலைகள் போதும். அடுத்த பத்து வாரத்தில் சிறிது சிறிதாக வேகம், தொடக்கப் பாய்ச்சல், கோல் மாற்றுதல். ஒவ்வொரு நான்காம் வாரமும் இலேசான வாரம். இல்லப் போட்டி இதற்குள் ஒரு சோதனை ஓட்டமாக அமையட்டும். கடைசி இரண்டு வாரம் பாதியளவு ஓட்டம், முதல்நாள் உறக்கம். இதற்குக் காசு தேவையில்லை. சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டும்படி கேளுங்கள். தாள் இல்லையென்றால், போட்டிப் பட்டியலில் என் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டா என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. என்னிடமே வந்து கேட்டாலும் நான் வருந்தமாட்டேன்.