மீதியை வெள்ளித் திரையில் காண்க

தியாகராயநகரில் பனகல் பூங்காவுக்கு மேற்கே, மாமரமும் கிணறும் திண்ணையுமாக ஒரு காலத்தில் நிமிர்ந்து நின்று, இப்போது ஒவ்வொன்றாக அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வழிவிட்டு மறைந்துகொண்டிருக்கிற பழைய பங்களாக்களில் ஒன்று இடிபட்டுக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், வாசலில் நின்ற காயலான் கடைக்காரரின் மூன்று சக்கர வண்டியில், வளைந்த ஜன்னல் கம்பிகளுக்கும் ஓட்டை விழுந்த பித்தளை அண்டாவுக்கும் நடுவே, தோசைக்கல் அளவில் வட்டமான நான்கு தகர டப்பாக்கள் கிடக்கக் கண்டேன். மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான்; ஊறுகாய்க்கு ஊற்றும் காடியின் வாடை. உள்ளே படச்சுருள் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு கருப்பட்டி வட்டுப்போல இறுகிக் கிடந்தது. நுனியில் பிரிந்த ஒரு சாண் நீளத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தூணும், அதில் சாய்ந்த ஒரு பெண்ணின் தோளும் தெரிந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கொப்புளம். டப்பாவின்மேல் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ கிழித்திருந்தார்கள். "தகரத்துக்குத்தான் சார் விலை, உள்ள இருக்கிறத யாரும் எடுக்கமாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

பட உலகத்தின் நாற்பது ஆண்டு நிர்வாகத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார் என்று வீடு திரும்பும் வழியில் எனக்குத் தோன்றியது.

ஆதி காலத்துப் படங்களின் இழப்பைப் பற்றி நம்மவர் போதிய அளவு துக்கப்பட்டாயிற்று. கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இல்லை. 1931ஆம் வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி டி. பி. ராஜலக்ஷ்மி திரையில் தமிழ் பேசித் தோன்றிய 'காளிதாஸ்' இல்லை. அதே அம்மையார் 1936இல் தாமே டைரக்ட் செய்த 'மிஸ் கமலா'வும் இல்லை. தென்னாட்டு மௌனப் படங்களில் 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் பிழைத்ததற்குக் காரணம், யாரோ அதைப் போற்றிப் பாதுகாத்தது அன்று. மூல நாவலின் உரிமை குறித்து வழக்கு மூண்டு, படம் திரையிட முடியாமல் திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கடைக்காரர் வசம் பல்லாண்டுகள் முடங்கிப் போனதுதான். ஊரெல்லாம் ஓடிக் களித்த படங்கள் அழிந்தன. கோர்ட்டுக்கு இழுக்கப்பட்ட படம் உயிரோடிருக்கிறது.

என் கவலை அறுபதுகளைப் பற்றியது. அந்தப் பத்தாண்டு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதன் பாட்டுகள் காலையில் வானொலியிலும், வசனங்கள் கல்யாணப் பந்தலிலும் இன்றும் ஒலிப்பதால், படங்களும் எங்கேயோ பத்திரமாக இருக்கத்தான் செய்யும் என்பது நம் அனுமானம்.

அந்த அனுமானத்தை ஒரே ஒரு படத்தை வைத்துப் பரீட்சித்துப் பாருங்கள். 1964ஆம் வருஷத்துத் தேசிய விருதுகளில் முதற் படமாகத் தேர்ந்தது சத்யஜித் ராயின் 'சாருலதா'. இரண்டாவது, சேத்தன் ஆனந்தின் 'ஹகீகத்'. மூன்றாவதாகத் தகுதிப் பத்திரம் பெற்றது, ஆழ்வார்பேட்டையில் நண்பர்கள் 'மடம்' என்று பேரிட்டிருந்த இடத்தில் வீற்றிருந்து தமிழ் உலகத்தோடு வாதாடிக்கொண்டிருந்த ஜெயகாந்தன், சொந்தக் கதையைச் சொந்தப் பொறுப்பில் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்'. டூயட் இல்லை, நட்சத்திரம் இல்லை; சேரியில் ஒரு தாயும் மகனும், பின்னணியில் சிட்டிபாபுவின் இசை. 'சாருலதா'வை இன்று எந்த வீட்டுக் கூடத்திலும், அது வெளிவந்த நாளில் இருந்ததைவிடத் துலக்கமாகப் பார்க்கலாம். அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட தமிழ்ப் படத்தை நான் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. பெயரைச் சொல்லித் தேடினால், 2009இல் கமல்ஹாசன் நடித்த வேறொரு படம் வந்து நிற்கிறது. பிள்ளையைத் தேடிப் போனவனுக்கு அதே பேருள்ள பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டி வந்து காட்டுவதுபோல!

படங்கள் ஏன் இப்படி மடிகின்றன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. அறுபதுகளின் சுருள்கள் அசிடேட் என்னும் பொருளால் ஆனவை. முந்தைய நைட்ரேட் சுருளைப்போலத் தீப்பற்றி எரியாது என்பதனால் அதற்கு 'சேஃப்டி' என்றே பேர் வைத்தார்கள். ஆனால் வெப்பமும் ஈரமும் கூடினால் அது தானே காடியைக் கக்கத் தொடங்கும். கக்கிய காடி மேலும் அழிவை விரைவுபடுத்தும். அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் பற்றும். சமுத்திரக் காற்று மாடியில் உலர்த்திய அப்பளத்தையே நமுத்துப்போகச் செய்கிற மயிலாப்பூரில், அடையாற்றில், குளிர்பதன வசதியில்லாத ஓர் அறை அந்தச் சுருளுக்கு மெதுவான சிதையேயன்றி வேறில்லை. நம் முன்னோரின் பனையோலை இதே காற்றில், கரையானுக்கும் தப்பினால், இருநூறு முந்நூறு வருஷம் தாக்குப் பிடித்தது என்பதை நினைக்கும்போது, விஞ்ஞானத்தின் மேல் எனக்குள்ள மரியாதை சற்றே ஆட்டம் காண்கிறது. ஓலை நைந்தால் பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்கிற பிரக்ஞை அந்நாளைய ஏட்டுக்காரனுக்கு இருந்தது. அவன் பிரதி எடுத்ததனால்தான் உ. வே. சாமிநாதையருக்குத் தேடுவதற்கு ஏடுகள் இருந்தன.

ரசாயனத்தைவிடப் பெரிய சத்ரு வியாபாரம். ஒரு படம் என்பது விநியோகஸ்தருக்கு ஒரு 'பெட்டி'. மவுண்ட் ரோடை ஒட்டிய மீரான் சாகிப் தெருவிலிருந்து பெட்டி கிளம்பும். நகரத்துத் தியேட்டரில் தொடங்கி டூரிங் கொட்டகையில் போய் முடியும். அதற்குள் சுருளில் கீறல் விழுந்து திரையில் 'மழை' பெய்ய ஆரம்பித்துவிடும். ஒப்பந்த காலம் முடிந்த பிரதிக்கு எடைக்கு எடை விலை. கறுப்பு வெள்ளைச் சுருளின் மேற்பூச்சில் வெள்ளி இருப்பதால் அதை உருக்கிப் பிரித்தெடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி. கே. நாயர், இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வைத் தேடி அர்தேஷிர் இரானியின் வீட்டுக்குப் போனபோது, அந்தச் சுருள்கள் வெள்ளிக்காகப் போய்விட்டன என்று மகன் சொல்லக் கேட்டுத் திரும்பியதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளித் திரை என்று நாம் கவித்துவமாகச் சொன்னதை வியாபாரிகள் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்கள்.

நெகடிவின் கதை இன்னும் பரிதாபமானது. தயாரிப்பாளர் லாபரட்டரிக்குத் தரவேண்டிய பாக்கி நிற்கும். பாக்கிக்கு ஈடாக நெகடிவ் நிற்கும். வருஷங்கள் ஓட, தயாரிப்பாளர் காலமாகி, வாரிசுகளுக்கு அப்படியொரு சொத்து இருப்பதே தெரியாமல் போகும். பிறகு டிஜிட்டல் வந்தது, லாபரட்டரிகள் மூடப்பட்டன, உரிமை கோர ஆளில்லாத டப்பாக்கள் என்ன ஆயின என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

வியாபாரிகளை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பத்து வயசில் கச்சேரி சாலை ஒட்டுத் திண்ணையில் நாங்களும் படம் காட்டியிருக்கிறோம். ஃப்யூஸ் போன பல்பின் அடியை உடைத்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அதன்மேல் விழச்செய்து, அப்பாவின் எட்டு முழ வேட்டியில் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் தலைகீழாக நிறுத்தி, பிறகு நேராக்கி, ஆளுக்குக் காலணா வசூலித்தோம். அந்தத் துண்டு பிலிம்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போது யோசித்ததில்லை. கபாலி, காமதேனு தியேட்டர்களில் ஆபரேட்டர் அறைக்குப் பின்னால் பொறுக்கியவை சில. பையன்களுக்கு விற்பதற்கென்றே வெட்டப்பட்டவை சில. சினிமாவில் ஓர் அடி சுருளுக்குப் பதினாறு படங்கள். விநாடிக்கு இருபத்து நான்கு ஓடும். என் பென்சில் டப்பாவில் இருந்த ஐம்பது அறுபது துண்டுகள் இரண்டே விநாடிதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அன்று மயிலாப்பூரில் எத்தனை பென்சில் டப்பாக்கள்!

பிழைத்த படங்களும் அங்கஹீனமாகவே பிழைத்திருக்கின்றன. நீளம் அதிகம் என்று விநியோகஸ்தர் வெட்டியது, கடைசி பஸ்ஸுக்குள் இரண்டாம் ஆட்டம் முடியவேண்டும் என்று கொட்டகைக்காரர் வெட்டியது, அறுந்த இடத்தில் ஒட்டும்போது போனது எல்லாம் சேர்ந்து, இசைத்தட்டில் மட்டும் ஒலித்துத் திரையில் காணாத பாட்டுகள் அநேகம். 1964இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' சிரமப்பட்டுச் செப்பனிடப்பட்டு 2012 மார்ச்சில் மறுபடி வெளியானபோது, இளைஞர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். செப்பனிட்டால் காசு பார்க்கலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று. ஆனால் அந்தச் சலுகை பெரும்பாலும் சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும்தான் கிடைத்தது. நட்சத்திரம் இல்லாத படத்துக்கு, அதாவது ஜெயகாந்தன் எடுத்ததுபோன்ற படத்துக்கு, சந்தையை நம்பிப் பயனில்லை.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு வெளியுலகில் அத்தாட்சிகள் உண்டு. அறுபதுகளின் 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வருந்திய பி.பி.சி.க்கு, 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒன்பது பகுதிகள் திரும்பி வந்தன. 'மெட்ரோபொலிஸ்' படத்தின் காணாமற்போன இருபத்தைந்து நிமிஷங்கள் 2008இல் பியூனஸ் அயர்ஸில் அகப்பட்டன. நம் நாட்டு மௌனப் படமான 'பில்வமங்கள்' பாரிஸிலிருந்து கிடைத்தது. ஆகவே தமிழ்ப் படப் பெட்டிகள் கப்பலேறிச் சென்ற கோலாலம்பூர், சிங்கப்பூர், டர்பன் முதலிய ஊர்களில் தேடுவது மடமையாகாது. இலங்கையை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது: 1983 ஜூலையில் ஹெந்தலை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது அங்கிருந்த சுருள்களும் சேர்ந்து எரிந்தன.

சரி, கிடைத்தால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் இருக்கிறது. பெங்களூரிலும் கல்கத்தாவிலும் திருவனந்தபுரத்திலும் அது கிளை வைத்தது. தென்னாட்டுச் சினிமாவின் தலைநகரமென்று நாம் மார்தட்டிக்கொண்ட சென்னையில் வைக்கவில்லை. நாம் கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை. இந்நகரில் அச்சாகும் ஒரு பஞ்சாங்கம்கூட 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒரு பிரதி சேர்ப்பிக்கப்படவேண்டும். கோடிகள் கொட்டி எடுக்கும் சினிமாவுக்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது. இதைவிட விசித்திரம் ஒன்றும் உண்டு. பதிப்புரிமைச் சட்டப்படி படம் வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் கழிந்தால் அது பொதுச் சொத்து. அறுபதுகளின் படங்கள் இப்போது வருஷத்துக்கு ஒரு கட்டாக நம் எல்லாருக்கும் உரியவையாகிக்கொண்டு வருகின்றன. பட்டா கைக்கு வருகிறது, நிலத்தைக் காணோம்.

காகிதம் மட்டும் தப்பித்தது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராக ஆயுள் முழுதும் சேர்த்த புகைப்படங்களும் குறிப்புகளும் இல்லையென்றால், எவை தொலைந்தன என்றுகூட நமக்குத் தெரிந்திராது. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. சாணித்தாளில் அச்சிட்டுத் தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்ற அந்தப் புத்தகங்களில், கதைச் சுருக்கம் கதாநாயகி ஆபத்தில் சிக்கும் கட்டம் வரை வந்து நின்றுவிடும். அடியில், 'மீதியை வெள்ளித் திரையில் காண்க' என்றிருக்கும். திரைப்படம் போய்ப் புத்தகம் மட்டும் மிஞ்சிய ஒரு படத்தின் அந்தக் கடைசி வரியைப் படிக்கிறவன் சிரிப்பதா, அழுவதா?

தமிழக அரசு படங்களுக்கு மானியமும் விருதும் தருகிறது. ஒரு நல்ல பிரதியைச் சேர்ப்பித்த பிறகே மானியம் என்று ஒரு வரி சேர்ப்பதற்கும், தரமணியிலுள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவன வளாகத்தில் குளிர்பதனக் கூடம் ஒன்று நிர்மாணிப்பதற்கும் ஆகும் செலவு, ஒரு நட்சத்திரத்துக்கு மணிமண்டபம் எழுப்பும் செலவைவிட அதிகமாக இராது. அரசு செய்யும்வரை காத்திருக்க அசிடேட்டுக்குப் பொறுமையில்லை என்பதால், மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு வாசிகளிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன். வீட்டை இடிக்கக் கொடுக்குமுன் பரணைக் காலிசெய்ய ஆள் வருவான். அவனுக்கு முன்னால் நீங்கள் ஒருமுறை ஏணியில் ஏறுங்கள். வட்டத் தகர டப்பா அகப்பட்டால் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மிகப் பழைய சுருளாயிருந்தால் எளிதில் தீப்பற்றும். இழுத்துப் பிரிக்காமல், நிழலில் படுக்கை வசமாக வைத்து, புனேக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் வாங்கி வந்த நான்கு டப்பாக்களும் எந்தப் படம் என்று இன்றுவரை தெரியவில்லை. மூடியின்மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை மட்டும் தயவுசெய்து கிழிக்காதீர்கள். படத்தின் பேர் அதில்தான் எழுதியிருக்கும்.