லீவு விட்டாச்சு, முட்டைக்கும் லீவா?

1/ அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு. அடுத்து பொங்கல் லீவு. கோவில்பட்டி வட்டாரத்துல பிள்ளைங்களை அரசுப் பள்ளிக்கு அனுப்புறவங்களுக்கும், அங்கே படிச்சு இன்னைக்கு நல்லா இருக்கிறவங்களுக்கும் ஒரு டாக்டரா ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு நன்றி, ஒண்ணு கோரிக்கை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ 1980கள்ல நம்ம கரிசல் கிராமங்களுக்கு விடியறதுக்கு முன்னாடி எந்த பஸ் வந்துச்சுன்னு உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்! குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் அதுல போனவங்கள்ல பத்து வயசுப் பிள்ளைங்களும் உண்டு. அதுலயும் பொம்பளைப் பிள்ளைங்கதான் அதிகம். இன்னைக்கு அந்த வீட்டுப் பேத்திகள் யூனிஃபார்ம் போட்டு பள்ளிக்கூடம் போறாங்க.

3/ சட்டம், ஆசிரியர்கள், இலவச சைக்கிள், பஸ் பாஸ் எல்லாத்துக்கும் இதுல பங்கு உண்டு. ஆனா முதல்ல பிள்ளையை இழுத்துட்டு வந்தது சோறு. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது நம்ம பக்கத்து ஊர் எட்டயபுரத்துல. அன்னைக்கு ஊர் மக்களும் கைகொடுத்துதான் அந்த அடுப்பு எரிஞ்சது.

4/ 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டம். 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. இப்போ பள்ளி நடக்கிற நாளெல்லாம் முட்டை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

5/ காலைச் சாப்பாடு ஏன் முக்கியம்? ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மதியம் வரைக்கும் வெறும் வயித்தோட இருந்தா 16 மணி நேரப் பட்டினி. குழந்தையோட கல்லீரல்ல சேமிப்பு கம்மி. மூளையோ பெரியவங்களைவிட அதிக பங்கு சக்தியைக் கேட்கும். பிரேயர்ல மயங்கி விழுந்து ஓ.பி.க்குத் தூக்கிட்டு வர்ற பிள்ளைகிட்ட நான் கேட்கிற முதல் கேள்வி, "காலையில என்ன சாப்ட்ட கண்ணு?" பெரும்பாலும் பதில்: "டீ".

6/ இன்னொரு முன்னேற்றம் என் கண்ணு முன்னாடியே நடக்குது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அப்போ சேர்ந்த பிள்ளைங்க இப்போ ஸ்டெத்தோட வார்டுக்கு வர்ற காலம். சத்துணவுத் தட்டு ஏந்தின கை, நாளைக்கு உங்க நாடி பிடிச்சுப் பார்க்கும்.

7/ அதனால பொங்கலுக்கு வாழ்த்து ஃபார்வர்டு பண்றப்போ, உங்க ஊர் சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர், காலையிலேயே வந்து உப்புமா கிண்டுற மகளிர் குழு அக்காமார், இவங்களை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க. வாத்தியார்களுக்கும் சேர்த்துத்தான்.

8/ இப்போ கோரிக்கை. பள்ளிக்கு லீவு விட்டா அடுப்புக்கும் லீவு. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே மதிய உணவு பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்றுதான் சொல்லுது. பிள்ளையோட வயிறு காலண்டர் பார்க்குமா?

9/ "வீட்ல பெத்தவங்க பார்த்துக்க மாட்டாங்களா?"ன்னு கேட்பீங்க. பார்த்துக்குவாங்க. ரேஷன் அரிசி இருக்கு, சோறு இருக்கும். ஆனா அம்மா விடியக்காலையில களை எடுக்கவோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ கிளம்பிட்டா, தட்டுல சோறும் ஊறுகாயும்தான். முட்டை, கொண்டைக்கடலை, காய்கறி இருக்காது. ரத்தசோகை பட்டினியால மட்டும் வர்றதில்ல, வெறும் சோத்தாலயும் வரும்.

10/ நடக்காத காரியம் ஒண்ணும் இல்ல. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரணும்னு உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவு போட்டுச்சு. வறட்சின்னா என்னன்னு மானாவாரிக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொரோனாவில் பள்ளி மூடியிருந்தப்போ அரிசி, பருப்பு, முட்டை பிள்ளைங்க வீட்டுக்கே போச்சு. இங்கிலாந்தில் 2020-ல் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்போர்ட் குரல் கொடுத்த பிறகு, லீவு நாள் சாப்பாட்டுக்கு அரசாங்கம் இறங்கி வந்துச்சு.

11/ நான் கேட்கிறது சின்னது. லீவு விடற அன்னைக்கு பிள்ளை கையில லீவு நாட்களுக்கான முட்டையும் பயறும் ஒரு பையில கொடுத்தனுப்புங்க. கோடை லீவுக்கு வாரம் ஒருநாள் கொடுத்தாப் போதும். அப்படியே, காலை உணவை அஞ்சாம் வகுப்போட நிறுத்தாம எட்டு வரைக்கும் கொண்டு போங்க. பெண் பிள்ளைகளுக்கு வயசுக்கு வர்ற, இரும்புச்சத்து அதிகம் தேவைப்படற நேரம் அது.

12/ அதுவரைக்கும் பெற்றோர் செய்யக்கூடியது: தினம் ஒரு முட்டை முடிஞ்சா நல்லது. முருங்கைக்கீரை காசில்லாமலே கிடைக்கும். மிக்சர், சிப்ஸுக்குப் பதிலா நம்ம ஊர் கடலைமிட்டாய் (சின்னக் குழந்தைக்கு வேண்டாம், புரையேறும்). சாப்பாட்டோட டீ கொடுக்காதீங்க, இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது.

13/ எட்டயபுரத்துல அன்னைக்குக் கைகொடுத்தவங்களும் மழையை நம்பி வாழ்ந்தவங்கதான். நாம அவங்களைவிட வசதியா இருக்கோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்து நடக்கும்போது போங்க, "லீவுல பிள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க?"ன்னு கேளுங்க. நன்றி சொல்றதுன்னா அதுவும் சேர்த்துத்தான்.

பொங்கல் வாழ்த்துகள் மக்களே.